நண்டுக் கம்பனியும் எங்கள் படகுச் சங்கமும்

இப்போதும் குசினியில் வெங்காயம் வெட்டும்போது கத்தி விரலில் பட்டுவிட்டால், நான் முதலில் செய்வது கையைப் பின்னால் ஒளிப்பதுதான். வீட்டில் என்னைத் தவிர ஒருவரும் இருக்கமாட்டார்கள். பூனை மட்டும் பார்த்துக்கொண்டிருக்கும். பூனைக்கு ஒளித்து எனக்கு என்ன ஆகப்போகிறது? பிறகுதான் நினைவு வரும், நண்டுக் கம்பனி மூடிக் கனகாலம் ஆயிற்று, என் விரலைப் பிடித்துப் பார்க்க வாசலில் இப்போது ஒருத்தியும் நிற்கவில்லை என்று. அப்போது சிரிப்பு வரும். சில நாட்களில் அழுகையும் வரும். அதை மறைப்பானேன், அந்தக் காலத்தை நான் நினைக்காத நாள் இல்லை.

நான் அனலைதீவுக்காரி. கம்பனி ஊர்காவற்றுறைப் பக்கம் கடற்கரையோரமாக இருந்தது. அதற்கு ஆங்கிலத்தில் நீளமாக ஒரு பெயர் உண்டு. எங்கள் வாயில் அது நண்டுக் கம்பனிதான். காலைப் படகில் நாங்கள் ஒரு கூட்டமாகப் போய் இறங்குவோம். வேலணை, மண்கும்பான் பக்கத்துப் பெண்கள் கம்பனி வான் வண்டியில் வந்து சேருவார்கள். வெள்ளை உடுப்பு, தொப்பி, முகமூடி எல்லாம் போட்டுக்கொண்டு நின்றால் பெற்ற தாய்க்கும் எங்களை அடையாளம் தெரியாது. அவித்த நீலக்கால் நண்டை மேசையில் கொட்டுவார்கள். சின்னக் கத்தியால் கோதை உடைத்து, சதையைச் சிதையாமல் எடுத்து, தட்டில் வைக்கவேண்டும். அது தகரத்தில் அடைபட்டு, நாங்கள் பார்த்தறியாத நாட்டுக்குக் கப்பல் ஏறும். எங்களோடு ஏறி வருவது மணம் மட்டும்தான். எந்தச் சவர்க்காரமும் அதை வென்றதில்லை. கோயிலில் எங்களுக்குப் பக்கத்தில் எப்போதும் தாராளமாக இடம் கிடைக்கும்.

கையுறை தந்தார்கள்தான். ஆனால் சதைக்குள் ஒளிந்து கிடக்கும் கோதுத் துண்டை வெறும் விரல்தான் கண்டுபிடிக்கும். கோது பல்லில் பட்டால் அங்கே சாப்பிடுகிறவர்கள் வழக்குப் போடுவார்களாம். ஆகவே நாங்கள் கையுறையைக் கழற்றிவிட்டு வேலை செய்வதைக் கம்பனி காணாத மாதிரி இருந்துவிடும். நண்டுக் கோது சும்மா இருக்குமா? அது வெட்டும். ஒரு நாள் பெருவிரல், ஒரு நாள் உள்ளங்கை. உப்பும் நண்டுத் தண்ணீரும் சேர்ந்து அதை ஆறவும் விடாது.

கையில் காயம் உள்ளவர் சதையைத் தொடக்கூடாது என்று வாங்குகிற நாட்டுக்காரர் ஒரு சட்டம் வைத்திருந்தார்கள். அதில் பிழை சொல்லமாட்டேன். இரத்தம் பட்ட சாப்பாட்டை நானும்தான் சாப்பிடமாட்டேன். காயம் என்றால் வெளியே போ, அன்றைக்குச் சம்பளம் இல்லை என்று அதற்குப் பின்னால் ஒரு வால் இருந்ததே, அதுதான் பிழை. அந்த வாலைக் கம்பனி தானாக ஒட்டிக்கொண்டது. வாசலில் சுப்பவைசர் பிள்ளை நிற்பாள். இரண்டு கையையும் நீட்டவேண்டும். சிவப்பாக ஏதாவது கண்டால், "அக்கா, இண்டைக்கு ஏலாது" என்பாள். அவள்மேல் எனக்குக் கோபம் இல்லை, அவளுக்கும் அது வேலை.

வேலணைக்காரிகள் வீட்டுக்குப் போகலாம். நாங்கள் எங்கே போவது? எங்கள் படகு பின்னேரம்தான் திரும்பும். அதுவரைக்கும் இறங்குதுறைப் பூவரசுக்குக் கீழே குந்தியிருக்கவேண்டும். கட்டிக்கொண்டு போன சோற்றைத் தின்றுவிட்டு, ஆடுகளைக் கலைத்துக்கொண்டு, போகிற வருகிறவர்கள் எல்லாம் "என்ன பிள்ளை, இண்டைக்கு வேலை இல்லையோ?" என்று கேட்கக் கேட்க அதே பதிலைச் சொல்லிக்கொண்டு இருக்கவேண்டும். அந்த மரத்தடியில் இருந்து நான் கம்பனியைத் திட்டிய திட்டை எழுத்தில் போட முடியாது. அதனால் எல்லோரும் காயத்தை ஒளித்தோம். ஒருத்தி முகத்துக்குப் போடும் பவுடரைப் பூசுவாள். இன்னொருத்தி விரல்களை ஒட்டிப் பிடித்து நீட்டுவாள். கள்ளம் செய்கிறோம் என்று ஒருநாளும் நினைத்ததில்லை.

சங்கம் இந்தக் காயத்திலிருந்துதான் தொடங்கியது. கொழும்பில் தையல் தொழிற்சாலைப் பெண்களைச் சேர்த்து நடத்தும் ஒரு பெரிய சங்கத்திலிருந்து ஒரு பெண் வந்தாள். மலையகத்துப் பிள்ளை, தேயிலைத் தோட்டத்தில் வளர்ந்தவள். அவள் எங்களை அக்கா என்பாள், நாங்கள் அவளைப் பிள்ளை என்போம். எங்களைக் கூட்டம் சேர்க்க அவள் பட்ட பாடு கொஞ்சமல்ல. வேலை முடிந்ததும் படகு பிடிக்க ஓடுவோம். ஊருக்குப் போனால் அடுப்பு, பிள்ளைகள். கடைசியில் நான்தான் சொன்னேன், கூட்டத்தைப் படகிலேயே வைப்போம் என்று.

அப்படியே நடந்தது. எங்கள் சங்கத்துக்குக் கட்டடமும் இல்லை, கதிரையும் இல்லை. நடுக்கடலுக்கு வந்ததும் படகோட்டி அண்ணை இயந்திரத்தின் சத்தத்தைக் குறைப்பார். கூட்டம் தொடங்கும். "உங்கட சங்கத்துக்கு எண்ணெய் எரிக்கிறது நான். என்னையும் ஒரு உறுப்பினராப் போடுங்கோவன்" என்று ஒவ்வொரு முறையும் சொல்லுவார். ஒவ்வொரு முறையும் நாங்கள் சிரிப்போம். பாவம், அந்த மலையகத்துப் பிள்ளைக்குத்தான் கடல் ஒத்துக்கொள்ளாது. பாதிப் பேச்சில் படகு விளிம்பைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுப்பாள். வாயைத் துடைத்துவிட்டு, விட்ட இடத்திலிருந்து பேச்சைத் தொடருவாள். அப்படி ஒரு பேச்சாளரை நான் பிறகு காணவில்லை.

அந்தப் படகில் எனக்குப் பக்கத்தில் எப்போதும் ஒரு அக்கா இருப்பா. என் வீட்டுக்கு இரண்டு ஒழுங்கை தள்ளி வீடு. கடலுக்குப் போன கணவர் திரும்பி வரவில்லை. ஒரே மகள், அப்போது பால்பல் விழுகிற வயது. மகள் பின்னேரப் படகு வரும் நேரத்துக்கு இறங்குதுறையில் வந்து நிற்பாள். தாய் இறங்கியதும் அவவின் கையைத்தான் முதலில் பிடித்து மணந்து பார்ப்பாள். "நண்டு அம்மா" என்று சொல்லி மூக்கைச் சுளிப்பாள். பிறகு அதே கையைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்குப் போவாள்.

வெளிநாட்டு வேலைக்கு ஆள் பிடிக்கும் ஏஜென்சிக்காரன் ஒருவன் அந்த அக்காவைச் சுற்றிச்சுற்றி வந்துகொண்டிருந்தான். கட்டாரில் வீட்டு வேலை என்றான். அவன் ஓயாமல் சொல்லிச் சொல்லி அக்கா பாஸ்போட்டும் எடுத்துவிட்டா. அது அலுமாரியில் சீலைகளுக்கு அடியில் கிடந்தது. "இந்த வேலை இருக்குமட்டும் நான் போகன். இது போனால் எனக்கு வேறை வழியில்லை. மகளைத் தங்கச்சியோடை விட்டிட்டுப் போகத்தான் வேணும்" என்று என்னிடம் சொல்லியிருந்தா. அதைச் சொல்லும்போது அந்த அக்கா அழவில்லை.

ஒரு நாள் அக்காவுக்குச் சுட்டுவிரல் ஆழமாக வெட்டிவிட்டது. வீட்டுக்குப் போய், எங்கள் ஊரில் எல்லோரும் செய்வதைத்தான் செய்தா. மஞ்சளைத் தேங்காயெண்ணெயில் குழைத்துக் காயத்தில் அப்பினா. அடுத்த நாள் கையை நீட்டியபோது சுப்பவைசர் பிள்ளை பேசாமல் உள்ளே விட்டாள். அவள் தேடியது சிவப்பைத்தானே. சமைக்கிற பெண்களின் விரலில் மஞ்சள் இருப்பதை ஆர் கணக்கெடுப்பது? ஆனால் நண்டுச் சதை பஞ்சு மாதிரி வெள்ளை. எண்ணெயோடு சேர்ந்த மஞ்சள் அதில் ஏறினால் இறங்காது.

கொழும்பில் கப்பலேற்றும் முன் தகரங்களைத் திறந்து பார்த்திருக்கிறார்கள். சதையில் மஞ்சள் கோடு. முழு ஏற்றுமதியையும் நிறுத்திவிட்டார்கள். தட்டிலுள்ள மேசை இலக்கத்தைத் தகரத்திலும் குறிப்பார்கள் என்பதால் எங்கள் மேசைதான் என்று பிடிபட்டுவிட்டது. அந்த மேசையில் நான், அக்கா, இன்னும் சிலர். வயதில் மூத்தவராக ஒரு மாமி. மாமிக்குச் சங்கம் என்றாலே ஆகாது. கூட்டம் நடக்கும்போது கடலைப் பார்த்துக்கொண்டு திரும்பியிருப்பா.

மனேச்சர் யாழ்ப்பாணப் பட்டினத்து ஆள். மரியாதையாகத்தான் பேசுவார். எங்கள் மேசையைக் கூப்பிட்டு நிறுத்தி, "மஞ்சள் பூசின ஆள் ஆரெண்டு நாளைக்குக் காலமை எனக்குத் தெரியவேணும். சொன்னால் அவ ஒராளை மட்டும் நிப்பாட்டுவன். சொல்லாட்டில் மேசை முழுக்க வீட்டை போகவேண்டி வரும். நான் என்ன செய்ய, மேலிடம் கேக்குது" என்றார். அக்கா வாய் திறக்கப் போனதை நான் கண்டேன். முழங்கையால் ஒரு இடி இடித்தேன். நல்ல இடிதான், நீலமாகக் கன்றிப் போயிருந்தது என்று பிறகு காட்டினா.

அன்றைய படகைப் போல ஒரு படகு இல்லை. மாமி ஏறி இருந்ததும் தொடங்கினா. "உம்மட ஒரு விரலுக்காக எங்கட அடுப்பெல்லாம் நூரவேணுமோ? மஞ்சள் வைக்கிற ஆள் ஒரு நாள் மரத்தடியிலை இருந்திருக்கலாம்தானே?"

"நான் நாளைக்குச் சொல்லுறன் மாமி. ஒருத்தரும் யோசிக்கவேண்டாம். ஏஜென்சிக்காரனுக்குத்தான் கொண்டாட்டம்" என்றா அக்கா. சிரிப்பாகத்தான் சொல்லப் பார்த்தா.

எனக்கு வந்ததே கோபம். "மாமி, நீங்கள் போன கிழமை பெருவிரலுக்கு என்ன வைச்சனீங்கள்? குங்குமமோ?" என்று கேட்டுவிட்டேன். மாமி முகத்தைத் திருப்பிக்கொண்டா. படகில் ஆளாளுக்குக் கத்தத் தொடங்கினார்கள். நல்ல காலம், அன்று மலையகத்துப் பிள்ளை கூட்டத்துக்காக எங்களோடு வந்திருந்தாள். வழக்கம்போல விளிம்பில் தொங்கிக்கொண்டிருந்தவள் நிமிர்ந்து, "அண்ணே, எஞ்சினைக் கொஞ்சம் கொறைங்க" என்றாள்.

பிறகு எங்களைப் பார்த்து, "மஞ்சள் பூசுனது யாருன்னு அவங்க கேக்குறாங்க. அந்தக் காயம் எங்க பட்டுச்சுன்னு நாம ஏன் கேக்கல? வீட்டுலயா பட்டுச்சு?" என்றாள். அவள் ஒருமுறை விளிம்பில் குனிந்து எழும்பினாள். "காயத்தோட உள்ள வரக்கூடாதுங்கிறது ரூல். சரி, நாளைக்கு அந்த ரூலை நாம எழுத்துக்கு எழுத்து பிடிப்போம். ஒருத்தரும் ஒளிக்காதீங்க. பவுடர் வேணாம், விரலை மடக்க வேணாம். இருக்கிற காயம் எல்லாத்தையும் காட்டுங்க. இந்தப் படகுல கையில காயம் இல்லாத அக்கா யாராச்சும் இருக்கீங்களா?"

எல்லோரும் தங்கள் கையைப் பார்த்தார்கள். ஆறியது, ஆறாதது, புதியது. காயமில்லாத கை ஒன்றும் இல்லை. "சரியெண்டிறாக்கள் கையைத் தூக்குங்கோ" என்றேன் நான். வாக்கெடுப்பும் சோதனையும் ஒரே நேரத்தில் முடிந்தன. மாமி மட்டும் கை தூக்கவில்லை. சிக்னல் கிடைத்த இடத்தில் வேலணைப் பக்கத்துப் பெண்களுக்கும் போனில் சொன்னோம்.

அடுத்த நாள் வாசலில் நான்தான் முதலில் போய் நின்றேன். இரண்டு கையையும் விரித்துக் காட்டினேன். சுப்பவைசர் பிள்ளை என் முகத்தைப் பார்த்தாள். "என்னக்கா இது?" என்றாள். "காயம். நீர் உம்மட வேலையைச் செய்யும்" என்றேன். "இண்டைக்கு ஏலாது அக்கா" என்றாள். நான் ஒதுங்கினேன். அடுத்தவள் காட்டினாள். அடுத்தவள். வான் வண்டியில் வந்த பெண்களும் காட்டினார்கள். அந்தப் பிள்ளை அழாக்குறையாக ஒரே வசனத்தைச் சொல்லிக்கொண்டே நின்றாள். வரிசையின் கடைசியில் மாமி. கையை நீட்டமாட்டா என்றுதான் நினைத்தேன். நீட்டினா. பெருவிரலில் மஞ்சள்.

உள்ளே அவித்த நண்டு ஆவி பறக்கக் கிடந்தது. வெளியே நாங்கள் முற்றத்தில் குந்தியிருந்தோம். சாப்பாட்டுச் சாமான் பழுதாவதைப் பார்த்துக்கொண்டு இருப்பது எங்களுக்குப் பழக்கமில்லாத வேலை. ஒருத்தி என் காதுக்குள், "அக்கா, ஐஸாவது போட்டிட்டு வரட்டோ?" என்று கேட்டாள். இரு என்றேன். எனக்கும் இருப்புக்கொள்ளாமல் அந்தரமாகத்தான் இருந்தது.

மனேச்சர் ஓடி வந்தார். "என்ன நாடகம் இது? சரி, சின்னக் காயமெல்லாம் பரவாயில்லை, உள்ளை வாங்கோ" என்றார்.

"அதெப்பிடி சேர்? உங்கட சட்டத்தை நாங்கள் முறிக்கிறதோ?" என்றேன். எனக்கு உள்ளூரச் சந்தோசம், பொய் சொல்லமாட்டேன். இத்தனை நாள் மரத்தடியில் இருந்த இருப்புக்கெல்லாம் அந்த ஒரு கேள்வி போதுமாக இருந்தது.

மலையகத்துப் பிள்ளை பூவரசு மரத்தடியில் நின்று போனில் பேசிக்கொண்டே இருந்தாள். அவளுடைய சங்கம் வாங்குகிற நாட்டுச் சங்கத்தோடு பேசியது. அங்கே கடைகளில் வேலை செய்கிறவர்களின் சங்கமாம். நாங்கள் அடைத்து அனுப்பும் தகரங்களை அங்கே எடுத்து அடுக்கி விற்கிறவர்கள். எங்கள் விரலைப் பற்றி அவர்கள் தங்கள் முதலாளியிடம் கேட்டார்கள். முகம் தெரியாத ஆட்கள் எங்களுக்காகக் கேட்டார்கள் என்பதை நான் இன்றைக்கும் எல்லோரிடமும் சொல்லுவேன். மனேச்சரின் போன் அடிக்கத் தொடங்கியது. அடித்துக்கொண்டே இருந்தது.

மத்தியானம் சாய்ந்த பிறகு அவர் வந்தார். களைத்துப் போயிருந்தார். காயம் பட்டவர்களுக்கு லேபல் ஒட்டுவது, பெட்டி மடிப்பது என்று வேறு வேலை தரப்படும், சம்பளம் குறையாது என்றார். காயத்துக்கு மருந்துக் கட்டும் கம்பனியே தரும் என்றார். எங்களால் நம்ப முடியவில்லை. அதோடு நிறுத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "ஆனால் ஒண்டு. அந்த மஞ்சள் வைச்ச ஆளை நான் காட்டத்தான் வேணும். அவ ஒராளைத் தாங்கோ, மிச்சமெல்லாம் இண்டைக்கே முடிப்பம்" என்றார்.

எல்லோருக்கும் எல்லாம் கிடைக்கும், ஒருத்தியைக் கொடுத்தால். யோசித்தவர்களை நான் குறை சொல்லமாட்டேன். நானும்கூட ஒரு கணம் யோசித்தேனோ என்னவோ. அக்கா எழும்பினா. நான் உடுப்பைப் பிடித்து இழுத்தேன். இந்த முறை அக்கா கேட்கவில்லை. "சேர்" என்று தொடங்கினா.

அதற்குள் மாமி எழும்பிவிட்டா. அதுவரை மனேச்சரைச் சேர் என்றே அழைத்தவ, "தம்பி" என்றா.

"தம்பி, சின்னனிலை நீங்கள் விழுந்து முழங்கால் உரஞ்சினால் உங்கட அம்மா என்ன வைச்சவ?"

மனேச்சர் கையிலிருந்த போனைப் பார்த்தார்.

"பயப்பிடாமல் சொல்லுங்கோ. இஞ்சை நிக்கிற ஒவ்வொருத்தியும் அதைத்தான் வைக்கிறம்." மாமி தன் பெருவிரலைக் காட்டினா. "ஆரைப் பிடிக்கப்போறியள்? உங்கட அம்மாவையும் சேர்த்துப் பிடியுங்கோ."

ஒருத்தி சிரித்துவிட்டாள். மனேச்சர் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். "அம்மாவும் மஞ்சள்தான் வைச்சவ" என்று மெல்லச் சொன்னார். பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஆரெண்டு கண்டுபிடிக்க ஏலாது எண்டு சொல்லுறன். போய்ச் சாப்பிடுங்கோ எல்லாரும்."

அன்றைய நண்டு முழுக்கப் பழுதுதான். ஆனால் அக்காவின் பெயர் வெளியே போகவில்லை. பின்னேரப் படகில் அக்காவும் மாமியும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தார்கள். இறங்கும்போது மாமி, "மஞ்சளுக்கு எண்ணெய் கூடப் போடாதையும், வழியும்" என்று மட்டும் சொன்னா.

சில நாட்களில் வாசலில் ஒரு பெட்டி வந்தது. பிளாஸ்டர், கடும் நீல நிறம். சதைக்குள் தவறி விழுந்தாலும் பளிச்சென்று தெரியட்டும் என்றுதான் நீலமாம். முதலில் எடுத்து ஒட்டியது அக்காதான். படகில் அந்த விரலை எல்லோர் முகத்துக்கு முன்னாலும் நீட்டிக் காட்டினா. "என்ன, மாப்பிள்ளை மோதிரம் போட்டிட்டாரோ?" என்று படகோட்டி அண்ணை கேட்டார். நாங்கள் சிரித்த சிரிப்பில் படகு ஆடியது.

அதன்பிறகு வந்த காலம்தான் எங்கள் பொற்காலம். காயம் பட்டால் காட்டினோம். லேபல் ஒட்டும் மேசையில் இருந்து பாட்டுப் பாடினோம். மாமி சங்கத்தின் பொருளாளர் ஆனா. கூட்டத்தில் அவவின் பேச்சை நிறுத்துவதுதான் பிறகு எங்களுக்குப் பெரிய வேலை. பின்னேர வெயில் தண்ணீரில் பட, இயந்திரம் மெதுவாகத் துடிக்க, உப்புக் காற்றில் வாதாடிக்கொண்டு வீட்டுக்குப் போன அந்தப் பயணங்களுக்காக நான் இன்றைக்கும் ஏங்குகிறேன். நண்டு மணத்துக்காகவும்தான்.

பிறகு கம்பனி போய்விட்டது. நட்டத்தில் மூடவில்லை. கூலி இன்னும் குறைவான வேறொரு நாட்டுக் கரையைக் கண்டுபிடித்துவிட்டார்கள். சங்கம் நின்று பிடித்துப் போராடி, எல்லோருக்கும் நட்டஈடு வாங்கித் தந்தது. கம்பனியை நிறுத்திவைக்க மட்டும் முடியவில்லை. அதை நினைத்தால் எனக்கு இப்போதும் பற்றிக்கொண்டு வரும். மலையகத்துப் பிள்ளையிடம் போனில் கத்தினேன். அவள் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அக்கா, அங்க இருக்கிற சங்கத்துக்கு எல்லாம் சொல்லிட்டேன். மொத நாளே பிளாஸ்டர் கேக்கச் சொல்லிட்டேன்" என்றாள். அந்தப் பெண்களின் மொழி எனக்குத் தெரியாது. அவர்கள் விரல் எப்படியிருக்கும் என்று தெரியும்.

நான் இப்போது வீட்டில் தையல் மெசினோடு இருக்கிறேன். அக்கா தீவுப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கு மத்தியானச் சாப்பாடு சமைக்கிறா. போன மாதம் அவவின் மகள் பல்கலைக்கழகத்துக்குப் போக, அவளை விட்டுவர நாங்கள் மூவரும் அதே படகில் ஏறினோம். மகள் மடியில் பையை வைத்துத் தன் சான்றிதழ்களைச் சரிபார்த்துக்கொண்டிருந்தாள். அவற்றுக்கு நடுவில் ஒரு பழைய பாஸ்போட். அலுமாரியில் இருந்ததை அள்ளிப் போட்டபோது வந்திருக்கவேண்டும்.

அவள் பக்கம் பக்கமாகப் புரட்டினாள். ஒன்றிலும் ஒரு முத்திரை இல்லை. காலம் எப்போதோ முடிந்துவிட்டது.

"என்னம்மா இது? எங்கை போக எடுத்தனீங்கள்?"

"கட்டாருக்கு. உன்னைச் சித்தியோடை விட்டிட்டுப் போக" என்றா அக்கா.

மகள் பாஸ்போட்டை மூடினாள். பிறகு தாயின் கையை எடுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டு, "ஏன் போகேல்லை?" என்று கேட்டாள்.

அக்கா என்னைப் பார்க்கவில்லை. நாங்கள் கூட்டம் வைத்த படகின் பழைய வாங்குப் பலகைகளை ஒருமுறை சுற்றிப் பார்த்தா.

"இவையள் விடேல்லை" என்றா.